வீடு கொடுத்தோம், வாசல் கொடுத்தோமா?



நீண்ட பதிவு. நேரம் இருக்கிறவர்கள் கடைசி வரை வாசியுங்கள். பாதியில் நிறுத்திவிட்டுக் கீழே வந்து சண்டை பிடிக்க வேண்டாம். முழுக்க வாசித்துவிட்டுச் சண்டை பிடியுங்கள், பதில் சொல்கிறேன்.

வெளிநாட்டில் இருக்கிற நம்மூர்ப் பிள்ளைகள் சேர்த்து அனுப்பும் காசில் ஒரு வீடு கட்டிக் கொடுக்கலாம் என்று வாட்ஸ்அப் குழுவில் பேச்சு நடந்தது. யாருக்கு என்று வந்தபோது, இடுப்புக்குக் கீழே இயங்காத ஒருவரைச் சொன்னார்கள். உடனே ஒரு பதில்: "அவரு தனி ஆள்தானே. அவருக்கு எதுக்கு வீடு? தங்கச்சி வீட்டுல ஒரு மூலையில இருந்திட்டுப் போகட்டும். புள்ள குட்டிக்காரனாப் பாத்துக் குடுங்க." அதற்குக் கீழே வரிசையாகக் கட்டைவிரல்கள்.

சொன்னவர் கெட்டவர் இல்லை. ஊருக்கு ஒன்றென்றால் முதலில் ஓடி வருகிற ஆள். அதனால்தான் எழுதுகிறேன். நல்ல மனிதர்களே யோசிக்காமல் சொல்கிற வார்த்தை இது. அரசாங்கத்தின் வீட்டுத்திட்டப் பட்டியல்களும் இதே மனதோடுதான் எழுதப்பட்டன. நாம் சொல்வதைத்தான் அவர்கள் எழுதினார்கள்.

நான் சொல்ல வருவது ஒன்றுதான். உடல் இயலாதவருக்கும், தீராத நோய் உள்ளவருக்கும், மனநோயிலிருந்து மீண்டு வருகிறவருக்கும் வீடு என்பது நாலு சுவரும் கூரையும் மட்டும் இல்லை. அவர் தானாக உள்ளே போக வேண்டும், தானாக மலசலகூடம் போக வேண்டும், விழுந்தால் தூக்க ஒரு கை அருகில் இருக்க வேண்டும், கிளினிக்குக்குப் போய்வர வழி இருக்க வேண்டும். இவ்வளவும் சேர்ந்ததுதான் அவருக்கு வீடு. இதை நாம் இதுவரை யாருக்கும் கட்டிக் கொடுக்கவில்லை. கட்டாததை விடுங்கள், கேட்கக்கூட இல்லை.

கொஞ்சம் பின்னால் போவோம்.

2009க்குப் பிறகு தறப்பாள் கூடாரத்திலும் தகரக் கொட்டிலிலும் இருந்த சனத்துக்கு வீடு வந்தது. அதில் பெரியது இந்திய வீட்டுத்திட்டம். வடக்கு கிழக்குக்கு 46,000 வீடுகள். புதிய வீடு ஒன்றுக்கு 5,50,000 ரூபா. உரிமையாளரே கட்டும் முறை என்று பெயர். காசு கட்டம் கட்டமாக வரும். அத்திவாரம் முடித்தால் ஒரு பகுதி, சுவர் எழுந்தால் ஒரு பகுதி, கூரை போட்டால் ஒரு பகுதி. எத்தனையோ குடும்பங்கள் அதனால் நிழலுக்கு வந்தன. அதை நான் குறைத்துப் பேசவில்லை.

ஆனால் "உரிமையாளரே கட்டுவது" என்ற சொல்லைக் கொஞ்சம் நிறுத்தி யோசியுங்கள். யார் கட்ட முடியும்? மண் வெட்ட, தண்ணீர் அள்ள, மணல் சுமக்க, மேசனுக்குக் கையாளாக நிற்க உடம்பு உள்ளவன் கட்டுவான். அவன் தன் உழைப்பைப் போட்டுக் கூலியை மிச்சம் பிடித்தான். கால் இல்லாதவன், நெஞ்சு வருத்தக்காரன், கிழமைக்கு இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடக்கிறவன் என்ன செய்தான்? எல்லாவற்றுக்கும் கூலிக்கு ஆள் பிடித்தான். காசு பாதியில் முடிந்தது. நகை அடைவு போனது, வட்டிக்கு வாங்கினான். கட்டம் முடியாமல் அடுத்த கட்டக் காசும் வரவில்லை. ஒரே தொகைதான் எல்லோருக்கும் கொடுத்தார்கள், சமமாகத்தான் கொடுத்தார்கள். அந்தச் சமத்தில் நோயாளி கடன்காரன் ஆனான்.

அடுத்தது புள்ளி முறை. குடும்பத்தில் எத்தனை பேர், எத்தனை சிறுபிள்ளைகள், எத்தனை முதியவர்கள் என்று புள்ளி போட்டார்கள். விதவைக்கும் உடல் இயலாதவருக்கும் முன்னுரிமை என்றும் எழுதியிருந்தது. ஆனாலும் தனி ஆளும், ஆணும் பெண்ணுமாக இருவர் மட்டும் உள்ள குடும்பமும் தலை எண்ணிக்கையில் பின்னுக்குத் தள்ளப்பட்டார்கள் என்ற முறைப்பாடு வடக்கு முழுக்க எழுந்தது. உடம்பு முடியாமல் போனதாலேயே கலியாணம் ஆகாமல் போனவர் தனி ஆள். நோய் வந்ததால் மனைவி விட்டுப் போனவர் தனி ஆள். அவர் தனி ஆள் ஆனதற்கான காரணமே அவருக்கு வீடு கிடைக்காமல் போனதற்கும் காரணம். இது நியாயமா?

அடுத்தது வரைபடம். அறைகள், குசினி, முன்னால் ஒரு விறாந்தை. ஏறிப் போக இரண்டு மூன்று படி. மலசலகூடம் பெரும்பாலும் வீட்டுக்கு வெளியே, பின்வளவில். குந்தி இருக்கிற தட்டு. வாசல் ஒடுக்கம். வீல்செயாரில் இருக்கிறவருக்கு வீடு கிடைத்தால் என்ன நடக்கும்? விறாந்தை வரைக்கும் தூக்கி வைப்பார்கள். உள்ளறைக் கதவில் வீல்செயார் நுழையாது. பின்வளவுக்குப் போக முடியாது. தன் பெயரில் உறுதி இருக்கிற வீட்டில் அவர் விருந்தாளி மாதிரி விறாந்தையில் கிடப்பார்.

முருங்கன் மண்ணைப் பற்றி உங்களுக்கு நான் பாடம் எடுக்கத் தேவையில்லை. கட்டுக்கரைக் குளத்துத் தண்ணீர் பாயும் இந்தக் களிமண்ணில்தான் நாம் நெல் விதைக்கிறோம். மாரியில் ஊதும், கோடையில் பிளக்கும். காங்கேசன்துறை சீமெந்துத் தொழிற்சாலைக்கு இங்கிருந்துதான் களி போனது. ஊருக்கெல்லாம் சீமெந்துக்கு மண் கொடுத்த இடத்தில், ஒரு நோயாளியின் வாசலிலிருந்து றோட்டு வரைக்கும் பத்து யார் சீமெந்து நடைபாதை போட நமக்கு மனம் வரவில்லை. மழை தொடங்கினால் நல்ல கால் உள்ளவனே செருப்பைக் கையில் எடுக்கிற மண் இது. ஊன்றுகோல் புதையும், வீல்செயார் சில்லு சுற்றாது. மாரி முடியும் வரை அந்த மனிதர் வீட்டுச் சிறையில் இருப்பார். அருவியாறு பெருகும் வருசங்களில் வெள்ளம் வளவுக்குள் வந்த பிறகு, கடைசியாகத் தூக்கப்படுகிறவர் யார் என்று நிவாரணத்துக்குப் போன பிள்ளைகளிடம் கேளுங்கள்.

2016இல் ஒரு சண்டை நடந்தது ஞாபகம் இருக்கும். 65,000 இரும்புப் பொருத்து வீடுகள் தருகிறோம் என்றது அன்றைய அரசாங்கம். ஒரு வீடு கிட்டத்தட்ட 21 இலட்சம் ரூபா என்று கணக்கு. அதில் பாதிக் காசுக்குக் கல்வீடு கட்டலாமே, நம் வெயிலுக்கு இரும்புப் பெட்டி எதற்கு என்று அரசியல்வாதிகளும் பொறியியலாளர்களும் பொதுமக்களும் எதிர்த்தார்கள். சரியான எதிர்ப்பு. சுவர் இரும்பா கல்லா என்று அவ்வளவு பேசிய நாம், கதவின் அகலம் எவ்வளவு, கக்கூஸ் எங்கே என்று ஒரு நாள் கேட்டோமா?

சட்டம் இல்லையா என்றால், இருக்கிறது. 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் உடல் இயலாதவர்களின் உரிமைகளைப் பாதுகாக்க வந்தது. பொதுக் கட்டடங்களுக்குள் அவர்கள் போய்வரும் வசதி பற்றிய ஒழுங்குவிதிகள் 2006இல் வர்த்தமானியில் வந்தன. 2011இல் உயர் நீதிமன்றம், வீல்செயாரில் இருந்தபடியே வழக்காடிய கலாநிதி அஜித் சி. எஸ். பெரேராவின் மனுவில், அவற்றை நடைமுறைப்படுத்தச் சொல்லிக் கட்டளையிட்டது. 2016 பெப்ரவரியில் இலங்கை ஐக்கிய நாடுகளின் உடல் இயலாதவர்களுக்கான உரிமைச் சமவாயத்தை ஏற்று உறுதிப்படுத்தியது. அதன் 19ஆம் உறுப்புரை, எங்கே யாரோடு வாழ்வது என்று தெரிவு செய்யும் உரிமை அவருக்கு உண்டு என்கிறது. 28ஆம் உறுப்புரை, அரச வீட்டுத்திட்டங்களில் அவருக்கு இடம் உறுதி செய்யப்பட வேண்டும் என்கிறது. நாடு கையெழுத்துப் போட்ட பத்திரம் இது. யாரும் பிச்சை கேட்கவில்லை.

எத்தனை பேர் என்று கேட்பீர்கள். 2012 குடிசன மதிப்பீட்டின்படி, இந்த நாட்டில் 5 வயதுக்கு மேற்பட்டவர்களில் 8.7 வீதம் பேருக்கு ஏதாவது ஓர் இயலாமை இருக்கிறது. 16 இலட்சத்துக்கும் மேல். நாட்டுச் சராசரியை வைத்தால், ஆயிரம் பேர் உள்ள ஒரு கிராமத்தில் கிட்டத்தட்ட எண்பது பேர் வருவார்கள். யுத்தம் நடந்த, மிதிவெடி புதைந்த மாவட்டத்தில் குறைவாக இருக்குமா? உங்கள் தெருவில் எத்தனை பேரைத் தெரியும்? தெரியவில்லை என்றால் அவர்கள் இல்லை என்று அர்த்தமில்லை. வெளியே வர வாசல் இல்லை என்று அர்த்தம்.

இனி, நாம் வழமையாகச் சொல்லும் சாட்டுகளுக்கு வருவோம்.

முதல் சாட்டு: "குடும்பம் பார்க்கும்."

யார் அந்தக் குடும்பம்? உம்மா, அல்லது தங்கச்சி, அல்லது மகள். ஆம்பிளை ஆள் ஒருவர் தன் நாநாவுக்கு மலம் கழுவிவிடுகிறார் என்று நான் கேள்விப்பட்டது மிகக் குறைவு. பெண்கள்தான் செய்கிறார்கள், சத்தமில்லாமல், வருசக்கணக்கில். நான் பள்ளிக்கூட ஆசிரியர். என் கையில் வரவு இடாப்பு இருக்கிறது. நன்றாகப் படிக்கிற பிள்ளை மாதத்தில் குறிப்பிட்ட நாட்களில் மட்டும் வராமல் இருந்தால், அது வாப்பாவின் கிளினிக் நாளாக இருக்கும். பிந்தி வருகிற பிள்ளையைத் திட்டுவதற்கு முன்னால் விசாரித்துப் பார்த்தால், காலையில் பெரியம்மாவைக் குளிப்பாட்டி, உடுப்பு மாற்றி, சாப்பாடு ஊட்டிவிட்டு வந்திருக்கும். மலசலகூடம் வீட்டுக்குள் இருந்து, பிடித்து எழும்ப ஒரு கம்பியும் இருந்தால் அந்தப் பெரியம்மா பாதி வேலையைத் தானே செய்வார். பிள்ளை முதலாம் பாடத்துக்கு வந்துவிடும். மூவாயிரம் ரூபாக் கம்பி இல்லாததால் சாதாரணதரப் பரீட்சையில் கணிதம் கைவிட்டுப் போகிற பிள்ளைகள் நம்மிடம் இருக்கிறார்கள். குடும்பம் பார்க்கும் என்று சொல்லும்போது, எந்தப் பிள்ளையின் தலையில் அதைக் கட்டுகிறோம் என்று தெரிந்துகொண்டு சொல்லுங்கள்.

உம்மா மௌத்தானால்? அந்தத் தங்கச்சி மாப்பிள்ளையின் ஊருக்குப் போனால்? பிறகு யார் குடும்பம்?

இரண்டாவது சாட்டு: "எங்காவது ஒரு இல்லத்தில் சேர்த்துவிடலாம்."

ஏர்வாடி நமக்குத் தூரமில்லை. கடலுக்கு அந்தப் பக்கம், இராமநாதபுரம் மாவட்டம். தர்காவை அண்டி, மனநோயாளிகளை வைத்துப் பார்க்கிறோம் என்று காசு வாங்கிக்கொண்டு தனியார் நடத்திய கொட்டகைகள் அங்கே இருந்தன. 2001 ஆகஸ்ட் 6 விடியற்காலையில் ஒன்றில் தீப்பிடித்தது. ஓலைக் கொட்டகை. உள்ளே இருந்தவர்களைச் சங்கிலியால் கட்டியிருந்தார்கள். 28 பேர் எரிந்து மௌத்தானார்கள். அவர்களை அங்கே கொண்டுபோய் விட்டவர்கள் கொடியவர்களா? குடும்பங்கள்தான். முடியாமல் போனவர்கள், வேறு வழி தெரியாதவர்கள். ஊரில் இடம் இல்லாதபோது ஒரு குடும்பம் எங்கே போய் நிற்கும் என்பதற்கு அதைவிடப் பெரிய சாட்சி வேண்டியதில்லை.

அதே தமிழ்நாட்டில் இன்னொரு வழியும் செய்து காட்டியிருக்கிறார்கள். சென்னையில் 1993இல் தொடங்கிய 'தி பானியன்' என்ற நிறுவனம், தெருவில் கைவிடப்பட்ட மனநோயாளிப் பெண்களைப் பராமரித்து வந்தது. நோய் தணிந்த பிறகும் வீட்டுக்குத் திரும்ப முடியாமல் பலர் அங்கேயே வருசக்கணக்கில் தங்கிப்போனார்கள். 2015 அளவில் 'ஹோம் அகெய்ன்' என்று ஒரு திட்டம் தொடங்கினார்கள். ஊருக்குள்ளேயே, மற்றவர்கள் குடியிருக்கும் தெருவிலேயே சாதாரண வீடுகளை வாடகைக்கு எடுத்தார்கள். ஒரு வீட்டில் நாலைந்து பேர். உதவிக்குப் பயிற்சி பெற்ற பெண்கள், பெரும்பாலும் பெரிய படிப்பில்லாத உள்ளூர்ப் பெண்கள். அவர்களே சமைக்கிறார்கள், சந்தைக்குப் போகிறார்கள், சிலர் வேலைக்கும் போகிறார்கள். 2021இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டலில் இதை நல்ல முன்மாதிரிகளில் ஒன்றாகக் காட்டியது. பெரிய கட்டடம் கட்டவில்லை. ஒரு தெரு, ஒரு வாடகை வீடு, சம்பளத்துக்கு ஓர் உதவியாள். இவ்வளவுதான்.

நம் பக்கத்தில் வன்னியைப் பாருங்கள். மாங்குளத்தில் முள்ளந்தண்டு வடம் பாதிக்கப்பட்டவர்கள் தாங்களே சேர்ந்து 'உயிரிழை' என்ற அமைப்பை நடத்துகிறார்கள். படுக்கைப்புண் என்றால் என்ன, அது எப்படி ஆளைக் கொல்லும் என்று அனுபவித்தவர்கள், அதே நிலையில் இருக்கிறவர்களுக்குத் துணையாக நிற்கிறார்கள். அவர்களால் முடிகிறது. கால் உள்ள நம்மால் முடியாதா?

மூன்றாவது சாட்டு: "அல்லாஹ்வின் சோதனை. பொறுமை வேண்டும்."

பொறுமை நோயாளிக்கு. பொறுப்பு நமக்கு. இரண்டையும் மாற்றிப் போடாதீர்கள். கண் தெரியாத ஸஹாபி அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரழி) அவர்களைப் பற்றி நம் பிள்ளைகள் குர்ஆன் மத்ரஸாவில் படிக்கிறார்கள். அவரைக் கவனிக்காமல் முகம் திருப்பியதற்கு ஒரு சூராவே இறங்கியது. நபியவர்கள் (ஸல்) பயணம் போனபோது மதீனாவின் பொறுப்பை அவரிடம் ஒப்படைத்த சந்தர்ப்பங்கள் உண்டு. வீடில்லாத ஸஹாபாக்களுக்குப் பள்ளிவாசலிலேயே ஸுப்பாத் திண்ணை என்று இடம் ஒதுக்கப்பட்டது. ஊரின் மத்தியில், பள்ளியின் கூரைக்குக் கீழே. இந்த மார்க்கத்தின் பிள்ளைகள் நாம், நம் நோயாளியைப் பின்வளவுக் கொட்டிலில் வைத்துவிட்டுப் பொறுமை உபதேசம் செய்கிறோம்.

நாலாவது சாட்டு: "காசு இல்லை."

இதற்கு நான் சிரிக்கத்தான் வேண்டும். ரமழானில் நம் ஊர்களில் ஸகாத் காசு எப்படிப் போகிறது? வீட்டு வாசலில் வரிசை. ஐந்நூறு, ஆயிரம் ரூபாத் தாள்கள். வாங்கியவருக்கு அது இரண்டு நாளில் முடியும், கொடுத்தவருக்குப் பெயர் மிஞ்சும். வரிசையில் நிற்கவே முடியாத நோயாளிக்கு அதுவும் இல்லை. ஓர் ஊரின் ஸகாத் ஒன்றாகச் சேர்ந்தால் வருசத்துக்கு ஒரு வீடாவது எழும்பாதா? எந்தப் பங்கில் சேர்ப்பது என்பதை உலமாக்கள் சொல்லட்டும், அது என் வேலை இல்லை. வக்பு காணிகள் இருக்கின்றன, ஸதகா இருக்கிறது. இது முஸ்லிம்களுக்கு மட்டும் சொல்வது இல்லை. திருவிழாவுக்கு வெடி வாங்கும் காசு பங்கிலும் இருக்கிறது, கோயிலிலும் இருக்கிறது. முருங்கனில் நோய்க்கு மதம் தெரியாது. ஆஸ்பத்திரி வாட்டில் எல்லோரும் பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில்தான் கிடக்கிறோம்.

அரசாங்கத்தின் பக்கம், 2025 ஏப்ரல் முதல் குறைந்த வருமானமுள்ள உடல் இயலாதவருக்கும் சிறுநீரக நோயாளிக்கும் மாதக் கொடுப்பனவு 7,500இலிருந்து 10,000 ரூபாவாக உயர்ந்தது. நல்லது. ஆனால் அதை வைத்து வாடகையும் கொடுத்து, மருந்துக்கு ஆட்டோவும் பிடித்து, உதவிக்கு ஆளும் வைக்க முடியுமா? தனியாக ஒருவரால் முடியாது. ஆறு பேர் பக்கத்துப் பக்கத்தில் இருந்து ஆளுக்கு 3,000 போட்டால் மாதம் 18,000. அதற்கு மேல் ஊர் கொஞ்சம் போட்டால் ஓர் உதவியாளுக்குச் சம்பளம். கணக்கு அவ்வளவு கடினமில்லை, தரம் 6 பிள்ளையே செய்யும்.

குறை சொல்லிவிட்டு ஓடுகிறவன் இல்லை நான். என் கோரிக்கைகளையும் எழுதுகிறேன்.

1. கிராம அலுவலர் பிரிவு ஒவ்வொன்றிலும் ஒரு கணக்கெடுப்பு. கேள்வி ஒன்று போதும்: இந்த வீட்டில் தானாக மலசலகூடம் போக முடியாதவர் யாராவது இருக்கிறாரா? பள்ளி நிர்வாகம், பங்குச் சபை, கோயில் சபை, மாதர் சங்கம், இளைஞர் கழகம் சேர்ந்தால் இரண்டு கிழமையில் முடியும்.

2. இனி நம் பகுதியில் யார் காசில் வீடு எழுந்தாலும், அரசோ, தனவந்தரோ, வெளிநாட்டுப் பிள்ளைகளோ, வரைபடம் இப்படி இருக்கட்டும்: வாசல் 3 அடி அகலம். படிக்குப் பக்கத்தில் சாய்தளம், 1 அடி உயரத்துக்கு 12 அடி நீளம். மலசலகூடம் கூரைக்குள், இருந்து போகும் கொமட், சுவரில் கைபிடிக் கம்பி. வாசலிலிருந்து றோட்டு வரை இறுகிய நடைபாதை. இன்று நல்ல காலோடு குடிபோகிறவனுக்கும் நாளை வயது போகும். கட்டும்போதே செய்தால் கொஞ்சம் சீமெந்து, கட்டிய பிறகு உடைத்தால் பெரிய செலவு.

3. தனி ஆளும் ஒரு குடும்பம். நானாட்டான், முசலிப் பிரதேச செயலகங்களில் வீட்டுப் பட்டியல் தயாராகும்போது இது எழுத்தில் வர வேண்டும்.

4. கட்ட உடம்பில்லாதவரிடம் காசைக் கொடுத்து "நீயே கட்டு" என்று விடக் கூடாது. திட்டம் நடத்துகிறவரே கட்டித் திறப்பைக் கையில் கொடுக்க வேண்டும்.

5. பார்க்க யாருமே இல்லாதவர்களுக்கு, முருங்கன் வைத்தியசாலைக்கும் பிரதான வீதிக்கும் நடக்கும் தூரத்தில் ஐந்தாறு சிறு வீடுகள். ஊருக்கு வெளியே காட்டோரம் வேண்டாம். அவரவருக்குத் தனிக் கதவு, தனித் திறப்பு. வருமானத்துக்கு ஏற்ற சிறு வாடகை. சம்பளத்தோடு உதவியாள். வீடு பொதுச் சொத்தாக இருக்கட்டும், ஒருவருக்குப் பின் இன்னொருவருக்குப் போகட்டும். பெயர்ப்பலகையில் "அநாதை", "ஊனமுற்றோர் இல்லம்" என்று எழுதாதீர்கள். கொடுத்தவர் படமும் தொங்க வேண்டாம்.

"முதலில் நல்ல ஆட்களுக்கு வீடு கொடுத்து முடிப்போம், பிறகு இவர்களைப் பார்ப்போம்" என்று சிலர் எழுதுவீர்கள். 2009 முதல் இதைத்தான் சொல்கிறோம். அந்தப் "பிறகு" இன்னும் வரவில்லை. காத்திருந்தவர்களில் எத்தனை பேரின் ஜனாஸாவில் நாம் நின்றோம்? தூக்க ஆள் இல்லாமல் வருசக்கணக்காகக் கிடந்தவரைக் கடைசியில் தூக்க நூறு பேர் போட்டி போட்டோம். அந்த நூறு பேரில் பத்துப் பேர் முன்னமே வந்திருந்தால் சாய்தளம் ஒன்று போட்டிருக்கலாம்.

புத்தளத்தில் இன்னும் இருக்கிற நம் ஆட்களையும் இதில் சேர்த்துப் பாருங்கள். 1990இல் உடுத்த உடுப்போடு போனவர்கள். இளம் ஆட்கள் திரும்பி வந்து காடு வெட்டிக் குடியேறினார்கள். நீரிழிவில் கால் எடுத்த வாப்பாக்களும், படுக்கையில் இருக்கிற உம்மாக்களும் எப்படி வருவார்கள்? காணி இருக்கிறது, உறுதி இருக்கிறது, பிறந்த மண் என்ற ஆசை இருக்கிறது. வந்தால் இருக்க முடிகிற வீடு இல்லை. மீள்குடியேற்றம் என்று மேடையில் பேசுகிறவர்கள் இந்தக் கணக்கையும் பேசட்டும்.

அந்த வாட்ஸ்அப் குழுவில் இன்னும் முடிவு எடுக்கவில்லை என்று அறிகிறேன். காசு அனுப்பிய பிள்ளைகளே, உங்களிடம் நேராகவே கேட்கிறேன். அந்த வீட்டை அவருக்கே கட்டுங்கள். மேலே சொன்ன வரைபடத்தில் கட்டுங்கள். முருங்கனில் அப்படி ஒரு வீடு எழும்பி, அவர் தன் கையால் சில்லை உருட்டி உள்ளே போவதைச் சனம் ஒரு தரம் பார்க்கட்டும். பிறகு அடுத்த வீட்டுக்கு நான் இவ்வளவு நீளமாக எழுத வேண்டி வராது.

உடன்படாதவர்கள் கீழே எழுதுங்கள். உடன்படுகிறவர்கள் கட்டைவிரலோடு நிறுத்தாமல், உங்கள் தெருவில் அப்படி ஒருவர் இருந்தால் எனக்கு உள்பெட்டியில் தகவல் தாருங்கள். பெயரும் படமும் பொதுவில் போட வேண்டாம். கணக்கெடுப்பை இன்றைக்கே தொடங்குவோம், இன்ஷா அல்லாஹ்.